எங்கே நிற்கிறோம்: டெர்மினல் குறிப்புகள்

மார்ச் 3, 2025

டெர்மினலை (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் திரை) திறந்ததும் அடிக்க வேண்டிய கட்டளை பிடபிள்யூடி (pwd). எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று முழு முகவரியோடு சொல்லும். எல்எஸ் (ls) அங்கே இருப்பதைக் காட்டும், சிடி (cd) வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும். லினக்ஸில் வெறும் சிடி அடித்தால் ஹோமுக்கு (நமக்கான சொந்த ஃபோல்டர்) போய்விடும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் அதே வெறும் சிடி, நிற்கும் இடத்தைச் சொல்வதோடு சரி, நகராது.

மார்ச் 4

'அப்படியொரு ஃபோல்டர் இல்லை' என்று வந்தால் முதலில் ஸ்லாஷைப் பாருங்கள். சிடி /படங்கள் என்றால் வேரிலிருந்து, அதாவது எல்லாவற்றுக்கும் மேலான ஃபோல்டரிலிருந்து, தேடும். சிடி படங்கள் என்றால் நிற்கும் இடத்திலிருந்து. ஒரு கோடுதான் வித்தியாசம். ஒரு படி மேலே போக சிடி .. போதும், இரண்டு படிக்கு சிடி ../.. அடிக்கலாம். ஆங்கிலப் பெயரானால் லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு.

மார்ச் 5

விண்டோஸில் சி டிரைவில் நின்றுகொண்டு சிடி டி:\ அடித்தால் பிழையும் வராது, இடமும் மாறாது. ஒவ்வொரு டிரைவுக்கும் தனியாக ஓர் 'இப்போதைய ஃபோல்டர்' உண்டு என்பதே காரணம். சிடி /டி சேர்க்கவும், அல்லது டி: மட்டும் அடிக்கவும்.

மார்ச் 7

பெயரில் இடைவெளி. சிடி மாதக் கணக்கு என்று அடித்தால் பேஷ் (லினக்ஸில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) அதை இரண்டு சொல்லாகப் பிரித்து, 'டூ மெனி ஆர்குமென்ட்ஸ்' என்று நின்றுவிடும். மேற்கோள் குறிக்குள் போடலாம். அதைவிட, சிடி மா வரை அடித்து டேப்பைத் தட்டுவது நல்லது. 'மா'வில் தொடங்குவது அது ஒன்றுதான் என்றால் மாதக்\ கணக்கு/ என்று ஷெல்லே பேக்ஸ்லாஷோடு நிரப்பிவிடும். டேப் நிரப்பவில்லையா? ஒன்று, அதே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் பல இருக்கும் (இன்னொரு தட்டுக்குப் பட்டியல் வரும்). இல்லை, நிற்கும் இடமே தப்பு. முழுப் பெயரையும் கையால் அடிப்பது வீண் வேலை.

மார்ச் 10

ஸ்கிரிப்டுக்குள் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்) சிடி இருக்கிறது, ஓடி முடிந்தபின் பழைய இடத்திலேயே நிற்கிறோம். கோளாறு இல்லை. ஸ்கிரிப்ட் ஓடுவது தனி ப்ராசஸில், அதாவது தனியாக ஓடும் இன்னொரு ஷெல்லில். அதன் நிற்குமிடம் மாறினாலும் தாய் ஷெல்லுடையது மாறாது. இடம் மாறியே ஆகவேண்டும் என்றால் சோர்ஸ் (source) கட்டளை போட்டு நாம் நிற்கும் ஷெல்லிலேயே ஓட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஸ்கிரிப்டில் ஒரு வரியில் சிடி, அடுத்த வரியில் ஆர்எம் -ஆர்எஃப் * (rm -rf *, கேட்காமல் அழிக்கும் கட்டளை) எழுதுவது. சிடி தோற்றாலும் அடுத்த வரி ஓடும், நிற்கும் இடத்தில் இருப்பதை (மறைந்த ஃபைல்கள் தவிர) எல்லாம் அழிக்கும். நடுவில் && போட்டால் சிடி ஜெயித்தால்தான் அழிப்பு நடக்கும்.

மார்ச் 12

சிடி - அடித்தால் கடைசியாக நின்ற ஃபோல்டருக்குத் திரும்பலாம். இன்னொரு முறை அடித்தால் மறுபடி இங்கே. மூன்று நான்கு இடம் சுற்றுவதானால் புஷ்டி (pushd) நின்ற இடத்தைக் குறித்துவைத்து நகர்த்தும், பாப்டி (popd) அங்கே திரும்பக் கூட்டிவரும். விண்டோஸிலும் இரண்டும் உண்டு.

மார்ச் 13

எல்எஸ் பட்டியல் காட்டுகிறது, சிடி மட்டும் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. பட்டியலுக்கு ஆர் அனுமதி, உள்ளே நுழைய எக்ஸ் அனுமதி. எல்எஸ் -எல்டி போட்டு அந்த ஃபோல்டரின் எக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.