புதுப் பற்றரி போட்டும் ஸ்டார்ட் வராத கார்

மார்கழி மாதம், காலை ஆறரை மணி. அம்மாவுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கிளினிக் நாள். நேரத்தோடு போய் நம்பர் எடுத்தால்தான் மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம். மழைக்குள் குடையைப் பிடித்து அம்மாவை முன் சீட்டில் இருத்தினேன். சின்னம்மா பின்னால் ஏறினா. திறப்பைத் திருப்பினேன். “டிக்” என்று ஒரு சத்தம். இன்னொருக்கால் திருப்பினேன். அதே “டிக்”.

ஹெட்லைற் போட்டுப் பார்த்தேன், சுவரில் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. ஹோர்னும் நல்ல சத்தம். இவ்வளவும் வேலை செய்யும்போது எஞ்சின் மட்டும் ஏன் சுற்ற மாட்டேன் என்கிறது? அந்த நேரம் அதை யோசித்துக்கொண்டிருக்க முடியவில்லை. “புள்ள, ஓட்டோவுக்குச் சொல்லுவமா?” என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தா.

எங்கள் வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற ஒடுங்கிய நிலத்தில். இரவில் படுத்திருந்தாலே கடல் இரைச்சல் கேட்கும். கார் நிற்பது கடல் பக்கம் பார்த்த கொட்டகையில், மேலே தகரம், பக்கத்தில் மறைப்பு இல்லை. வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் உப்புப் பிசுபிசுக்கும். கதைக்கு இது தேவைப்படும்.

கார் 2012ஆம் ஆண்டுடையது, 800 சிசி, மனுவல் கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காரின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு இருப்பது இது ஒன்றுதான். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் சத்தம் கேட்டு வந்தார். தன்னுடைய வானைக் கொண்டுவந்து நெருக்கி நிறுத்தி, ஜம்பர் வயரை எடுத்தார். சிவப்பு வயரைப் பற்றரியின் பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாகக் கொழுவினார். கறுப்பு வயரின் ஒரு முனை வானின் மைனஸில். மறுமுனையை மட்டும் எங்கள் பற்றரியில் கொழுவாமல், எஞ்சினில் இருந்த ஒரு இரும்புக் கொக்கியில் கவ்வ வைத்தார். ஏன் என்று கேட்டேன். “பற்றரியில இருந்து கேஸ் வரும் தங்கச்சி. அதுக்குக் கிட்ட பொறி பறக்கக் கூடா” என்றார். சரியான முறை அதுதான். திறப்பைத் திருப்பினேன், முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது.

“பற்றரி போயிற்று” என்றார் அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு எப்படி நினைக்க முடியும்? வேறொரு பற்றரியில் இருந்து கரண்ட் கொடுத்ததும் எஞ்சின் ஓடியதே.

அம்மாவையும் சின்னம்மாவையும் வைத்தியசாலை வாசலில் இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் நேரே ஒரு பற்றரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, மீற்றரை வைத்துப் பார்த்தார். 12.1 வோல்ட். “இது முடிஞ்சுது டீச்சர். மழைக்காலம், நடு ரோட்டில நிக்காம மாத்துங்க” என்றார். நல்ல பற்றரி முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வாக இருக்கும்போது 12.6 அளவு காட்ட வேண்டும், 12.1 என்றால் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அது எனக்கும் தெரியும். ஆனால் இறங்கின பற்றரி வேறு, செத்த பற்றரி வேறு. சார்ஜில் போட்டு ஒரு நாள் வைத்துப் பார்த்திருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை, அவசரத்தில் நானும் கேட்கவில்லை. பழையதைக் கொடுத்துக் கழித்தது போக 27,000 ரூபாய். கொடுத்த பழையது இரண்டு வருசம்கூட ஓடாத பற்றரி. அந்தச் சல்லியை நினைத்தால் இப்போதும் மனம் வேகிறது.

புதுப் பற்றரியில் கார் உடனே ஸ்டார்ட் வந்தது. இரண்டு நாள் பாடசாலைக்குப் போய் வந்தேன். மூன்றாம் நாள் காலை, “டிக்”.

அன்றைக்கு ஒரு கராஜில் இருந்து ஒருவர் வந்து, என்னைத் திறப்பைத் திருப்பச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பற்றரி புதுசு என்றால் பிழை எஞ்சினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டரில்தான், கழற்றி ரீகண்டிஷன் ஒன்று போட வேணும், 35,000 வரும் என்றார். “ஸ்டார்ட்டர்தான் எண்டு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “சத்தத்தில தெரியும் மிஸ்” என்றார். அவர் சொன்னது நடக்காத விசயம் இல்லை. ஸ்டார்ட்டரின் பிரஷ் தேய்ந்தாலும், அதற்குக் கரண்டை இணைத்துவிடுகிற சுவிட்சான சொலனொயிட்டுக்குள் இருக்கிற செப்புத் தொடுகை எரிந்தாலும் இதே “டிக்” வரும். ஆனால் ஒருமுறை சரியாகச் சோதிக்காமல் வாங்கி 27,000 போய்விட்டது. இரண்டாவது தடவையும் சத்தத்தை நம்பிக் காசு எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

எங்கள் பாடசாலையில் படிப்பிக்கிற ஒரு சேர்தான் காத்தான்குடியில் இருக்கிற வயரிங் நானாவைப் பற்றிச் சொன்னார். எஞ்சின் வேலை செய்ய மாட்டார், வாகன வயரிங் மட்டும்தான். பின்னேரம் மோட்டார் சைக்கிளில், ஒரு சின்னப் பையோடு வந்தார். வந்ததும் பொனற்றைத் திறக்கவில்லை. கொட்டகையில் கிடந்த கதிரையில் இருந்து, நடந்ததெல்லாம் முதலில் இருந்து சொல்லச் சொன்னார். ஜம்பர் வயர் போட்ட இடத்துக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கறுப்பு வயரை எங்க கொழுவின?”

“எஞ்சின்ல, நானா.”

“பற்றரில இல்லயா?”

“இல்ல. எஞ்சின்லதான்.”

சிரித்தார். “சரி தங்கச்சி. கையில கிடக்கிற காப்பைக் கழட்டி வச்சிட்டு வாங்க. நீங்களும் பாருங்க.”

வளையல், மோதிரம், இரும்புச் செயின் கொண்ட மணிக்கூடு எல்லாவற்றையும் பற்றரிக்குக் கிட்டப் போக முதல் கழற்ற வேண்டும். பிளஸ்ஸுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் ஒரு உலோகம் பட்டால் அந்தக் கணமே பழுக்கச் சூடேறிக் கையைச் சுட்டுவிடும்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மீற்றரை 20 வோல்ட் அளவில் வைத்தார். பற்றரியின் இரண்டு முனையிலும் தொட்டார்: 12.6. திறப்பைத் திருப்பச் சொன்னார். “டிக்”. அந்த நேரத்திலும் பற்றரி 11.9இல் நின்றது. “பற்றரியில பிழையெண்டா இது ஒம்பது, எட்டு எண்டு விழுந்திருக்கும். இது அசையல்ல. கரண்ட் இருக்கு, ஆனா போற வழி இல்ல” என்றார்.

அடுத்து அவர் செய்ததை நான் யாரும் செய்து பார்த்ததில்லை. மீற்றரின் ஒரு ஊசியைப் பற்றரியின் மைனஸ் முனையில் வைத்தார். மற்ற ஊசியை எஞ்சினில், அண்ணன் கறுப்பு வயரைக் கவ்வ வைத்த அதே கொக்கியில் வைத்தார். இரண்டும் தடித்த எர்த் வயரால், அதாவது கரண்ட் பற்றரியின் மைனஸுக்குத் திரும்பி வருகிற வயரால், இணைந்த இடங்கள், எனவே இரண்டுக்கும் இடையில் வோல்ட் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. திறப்பைத் திருப்பினேன். மீற்றரில் 5.8.

நான் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஓமின் விதியை எத்தனையோ வருசமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அந்த இலக்கத்தைக் கண்டதும் முழுப் படமும் விளங்கிவிட்டது. ஹெட்லைற் இரண்டும் சேர்ந்து எடுப்பது 10 அம்பியர் அளவுதான். இவ்வளவு சின்னக் காரின் ஸ்டார்ட்டர்கூட 100 அம்பியர் அளவில் இழுக்கும். 100 அம்பியர் ஓட வேண்டிய வழியில் 0.03 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அந்த வழியிலேயே தீர்ந்துவிடும். எங்கள் காரில் 5.8 வோல்ட் தீர்ந்துகொண்டிருந்தது. பற்றரி 11.9 கொடுத்தும் ஸ்டார்ட்டருக்குக் கிடைத்தது ஆறு வோல்ட் மட்டில். சொலனொயிட்டை “டிக்” என்று இழுக்க அது காணும், மோட்டரைச் சுற்றக் காணாது.

அப்படியென்றால் லைற் எப்படிப் பளிச்சென்று எரிந்தது? பற்றரியின் மைனஸில் இருந்து இரண்டு வயர் போகிறது. மெல்லியது காரின் உடம்புக்கு, தடித்தது எஞ்சின் பக்கம் கியர் பொக்ஸுக்கு. லைற்றும் ஹோர்னும் உடம்பு வழியாகக் கரண்டைத் திருப்பி அனுப்புகின்றன. ஸ்டார்ட்டர் எஞ்சினில் பூட்டியிருப்பதால் அதற்குத் தடித்த வயர்தான் வழி. பிழை அதில்.

நானா அதை எங்கள் ஊர் முறையில் சொன்னார். “மாரியில முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தா வாவியில தண்ணி எவ்வளவு நிண்டும் கடலுக்குப் போகாது. ஊருக்குள்ளதான் ஏறும். ஆத்துவாய வெட்டினாத்தான் வழி. நீங்க ஆத்துவாய வெட்டாம வாவியில தண்ணியக் கூட்டி இருக்கிறீங்க தங்கச்சி.”

அந்தத் தண்ணீர் எங்கே ஏறியது என்பதையும் காட்டினார். கிளட்ச் கேபிளின் கறுப்பு உறை ஒரு இடத்தில் இளகிப் பொங்கியிருந்தது. எஞ்சினில் இருந்து திரும்பி வர நல்ல வழி இல்லாதபோது கரண்ட் கிளட்ச் கேபிளின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காரின் உடம்புக்கு வரப் பார்த்திருக்கிறது. கம்பி சூடேறி உறையை உருக்கியிருக்கிறது. சில கிழமையாகக் கிளட்ச் இறுக்கமாக இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். இதையும் ஸ்டார்ட் வராததையும் நான் ஒன்றாக வைத்துப் பார்க்கவே இல்லை.

பிறகு என்னிடம் ஒரு ஜம்பர் வயரைத் தந்து, ஒரு முனையைப் பற்றரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் கொக்கியிலும் கவ்வ வைக்கச் சொன்னார். வேறு வாகனம் இல்லை, வேறு பற்றரி இல்லை. திறப்பைத் திருப்பினேன், எஞ்சின் பிடித்தது. முதல் நாள் எஞ்சினைச் சுற்றியது வானின் பற்றரிதான், ஆனால் எங்கள் பற்றரி செத்ததால் அல்ல, அந்தக் கறுப்பு வயர் பழுதான எர்த்தைத் தவிர்த்துக் கரண்ட் திரும்ப வேறு வழி கொடுத்ததால். பற்றரி முனையில் கொழுவியிருந்தால் அன்றைக்கும் “டிக்” என்றுதான் கேட்டிருக்கும். இது நன்றாக விளங்கிய அந்த நிமிடம், இத்தனை நாள் கழித்துக் காரின் மேல் எனக்கிருந்த பயமும் தீர்ந்தது.

10ஆம் இலக்க ஸ்பனரால் மைனஸ் முனையை முதலில் கழற்றினார். எப்போதும் மைனஸ்தான் முதலில் கழற்ற வேண்டும், பூட்டும்போது கடைசியாகப் பூட்ட வேண்டும். வயர் வெளியே பார்க்க நல்லாத்தான் இருந்தது. கியர் பொக்ஸ் பக்கத்து முனையில் கத்தியால் உறையைக் கீறினார். உள்ளே செப்பு நிறமே இல்லை. பச்சைத் தூள் கொட்டியது. இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து, மிச்சம் ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. கடல் காற்றின் உப்பும் ஈரமும் முனையால் புகுந்து, இழைகளுக்கு நடுவால் ஊறி உள்ளே போய்ச் செப்பை அரித்திருக்கிறது. கடைக்காரர் பற்றரி மாற்றும்போது வயரை வளைத்து அசைத்ததில் நாலு இழை தற்செயலாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நாள் ஓடியதன் காரணம் அதுதான்.

காத்தான்குடிக் கடையில் இருந்து தடித்த செப்புக் கேபிள் வாங்கி வந்து, இரண்டு முனைக்கும் லக் என்கிற உலோக முனையை அழுத்தி, மேலே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடு காட்டி மூடினார். கியர் பொக்ஸில் போல்ட் பூட்டுகிற இடத்தைச் சாண்ட் பேப்பரால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்தார். துரு மேல் புது வயரைப் பூட்டினால் பழைய கதைதான். பூட்டின பிறகு மேலே கிறீஸ். மெல்லிய வயரையும் மாற்றினார். கேபிளும் கூலியுமாக 4,500 ரூபாய். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா.

திரும்பவும் அளந்தோம். திறப்பைத் திருப்புகிற நேரம் மைனஸுக்கும் எஞ்சினுக்கும் இடையில் 0.15. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் தேடிப் பார்க்க வேண்டும் என்றார். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14.2. அதற்கு முதல் ஜம்பர் வயரைக் கழற்றிவிட்டு அளந்தபோது அது 13.1தான் காட்டியது. எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டனேற்றரும் எஞ்சினில்தான் பூட்டியிருக்கிறது, அதற்கும் அதே எர்த். மாதக்கணக்காகப் பற்றரிக்குச் சரியாகச் சார்ஜ் ஏறவில்லை. கடையில் காட்டிய 12.1இன் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கொடுத்துவிட்டு வந்த பழைய பற்றரி அனேகமாக நல்ல பற்றரி.

மல்டிமீற்றர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், விலை பெரிதில்லை. மீற்றர் இல்லாதவர்களும் “டிக்” கேட்டு லைற் பளிச்சென்று இருந்தால், பற்றரிக் கடைக்குப் போக முதல் அந்த ஒரு ஜம்பர் வயரை மைனஸில் இருந்து எஞ்சினுக்குப் போட்டுப் பாருங்கள். திருப்பும்போது லைற் மங்கி அணைந்துபோனால் அது வேறு: பற்றரியோ அதன் முனைகளோ. முனையில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றிக் கழுவினால் போய்விடும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெற்றோலோ பிளக்கோ, அதற்கு நான் சொல்ல வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் வானையும் அளக்கச் சொன்னார். அதுவும் எங்கள் கொட்டகையைப் போல் கடல் பக்கம்தான் நிற்கிறது. 0.7 காட்டியது. அவரே நானாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னார், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பின்னேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.