பேக்ட் பெட் ரியாக்டர் மாடலிங்: ரியாக்‌ஷனைக் கடைசியில் சேருங்கள்

பெங்களூரில் நாங்கள் மாடல் செய்தது, கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக்கும் சிறு பேக்ட் பெட் ரியாக்டர், அதாவது வினையூக்கி உருண்டைகள் நிரப்பிய குழாய். 25 மி.மீ. உள்விட்டமும் 600 மி.மீ. நீளமும் உள்ள குழாயைப் பீன்யா தொழிற்பேட்டையில் செய்து வாங்கினோம். உள்ளே நிக்கல் ஏற்றிய 3 மி.மீ. அலுமினா உருண்டைகள். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடுக்குச் சுமார் 165 கிலோஜூல் வெப்பம் வெளியேறும் ரியாக்‌ஷன் இது. எல்லாச் சமன்பாடுகளையும் ஒரே மூச்சில் தீர்க்கப் போனால் தவறு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே முதலில் அழுத்தம், அடுத்து வெறும் காற்றில் வெப்பம், கடைசியில் ரியாக்‌ஷன்.

அழுத்த இழப்புக்கு எர்குன் சமன்பாடு போதும். சிக்கல் வெற்றிடப் பின்னத்தில்தான், அதாவது குழாயின் கொள்ளளவில் உருண்டைகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் பங்கில். வினாடிக்கு 0.5 மீட்டர் காற்றுக்கு, பின்னம் 0.41 என்றால் மீட்டருக்குச் சுமார் 2,100 பாஸ்கல் வரும். அதையே 0.38 என்று போட்டால் 2,800-ஐத் தாண்டுகிறது. பின்னத்தைத் தண்ணீர் ஊற்றி அளப்பவர்கள் கவனிக்க: அலுமினா தண்ணீரைக் குடிக்கும். முதலில் ஊறவைத்து, மேற்பரப்பு ஈரத்தைத் துணியால் ஒற்றி, பிறகு நிரப்பி அளக்க வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. சுமார் 920 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல்தான். கேஜ் அளவோடு (சுற்றுப்புறக் காற்றழுத்தத்துக்கு மேலான அழுத்தம்) 101.3-ஐக் கூட்டினால், குறைந்த அழுத்தத்தில் அடர்த்தி சுமார் பத்து சதவீதம் பிசகும். கடல்மட்டத்துக்கு அளவு குறித்த ரோட்டாமீட்டர் (மிதவை வைத்து ஓட்டத்தை அளக்கும் கருவி) நிறை ஓட்டத்தைச் சுமார் 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

வெப்பக் கட்டத்தில், ஆரத் திசைக் கடத்துதிறனையும் (நடுவுக்கும் சுவருக்கும் இடையே வெப்பம் கடக்கும் திறன்) சுவர் வெப்பக் குணகத்தையும் (சுவரில் வெப்பம் மாறும் வேகம்) நடுக்கோட்டு வெப்பநிலையை மட்டும் வைத்துப் பொருத்தக் கூடாது. ஒன்று குறைந்தால் மற்றது ஏறி ஈடுகட்டிவிடும்; கோடு அழகாகப் பொருந்தும், எண்கள் பொய்யாக இருக்கும். நடுவில், பாதி ஆரத்தில், சுவரருகில் என மூன்று இடங்களில் 1 மி.மீ. கே-டைப் தெர்மோகப்பிள் வைத்தோம். தடித்த உறை தானே வெப்பத்தைக் கடத்தி உச்சத்தை மழுக்கும். குழாய் விட்டம் உருண்டையைப் போல் எட்டு மடங்குதான் என்பதால் சுவரோரம் வாயு தாராளமாக ஓடும்; ஒரே வெற்றிடப் பின்னத்தை எல்லா இடத்துக்கும் போடும் மாடலுக்கு அது தெரியாது.

வாயுவுக்கும் உருண்டைக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றத்துக்கு வாகாவோவின் கோவை: நஸ்ஸல்ட் எண் = 2 + 1.1 × பிராண்டல்^(1/3) × ரெனால்ட்ஸ்^0.6. நஸ்ஸல்ட் வெப்பப் பரிமாற்றத்தையும், பிராண்டல் வாயுவின் தன்மையையும், ரெனால்ட்ஸ் ஓட்டத்தையும் குறிக்கும் பரிமாணமற்ற எண்கள். அச்சுத் திசைச் சிதறலையும் (ஓட்டத்தின் போக்கில் முன்பின்னாகக் கலப்பது) கணக்கில் எடுத்துப் பெற்றது இந்தக் கோவை. சிதறலை விட்டுவிட்டுக் கோவையை மட்டும் எடுத்தால் பொருந்தாது. சிதறல் இருந்தால் நுழைவாயிலில் டாங்க்வெர்ட்ஸ் நிபந்தனை (ஓட்டத்தோடு போவதும் சிதறலால் நகர்வதும் சேர்ந்து, உள்ளே வரும் அளவுக்குச் சமம்) வேண்டும். செறிவை நிலையாக வைத்தால் கார்பன் கணக்கு இடிக்கும்.

இனி ரியாக்‌ஷன். காற்றில் கிடைத்த கடத்துதிறனை அப்படியே எடுத்துவராதீர்கள். ஹைட்ரஜனின் கடத்துதிறன் காற்றைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. கலவைக்குப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஐந்து மோல் வாயு மூன்றாகச் சுருங்குவதால் திசைவேகமும் மாறும். அதை மாறிலியாக்காமல் நிறைப் பாயத்தை (ஒரு சதுர மீட்டரை வினாடிக்குக் கடக்கும் நிறை) வைத்து எழுதுங்கள். ஆரம் r, வெப்பநிலை T என்றால், மையத்தில் (1/r)·dT/dr பூஜ்யத்தால் வகுபடும், அங்கே d²T/dr² என்று மாற்றுங்கள். வேகமாகவும் மெதுவாகவும் மாறும் பகுதிகள் கலந்த இந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க, பைத்தானில் பி.டி.எஃப். முறை தாங்கும், சாதாரண ரங்கே-குட்டா முறை தவழும்.

வினையூக்கிப் பொடியில் அளந்த ரியாக்‌ஷன் வேகத்தை 3 மி.மீ. உருண்டைக்கு நேராகப் போட்டால் வெப்பநிலை கட்டுக்கடங்காமல் ஏறும். உள்ளே ஊடுருவல் தடைபடுவதைச் செயல்திறன் காரணியாகச் சேர்க்க வேண்டும்; தடை இல்லாத வேகத்தில் எத்தனை பங்கு கிடைக்கிறது என்பதே அது. உருண்டையிலேயே அளந்து, கிளர்வு ஆற்றல் (வெப்பநிலையோடு வேகம் எவ்வளவு ஏறும் என்பதன் அளவு) பொடியில் கண்டதில் பாதியாக வந்தால், தடை ஏற்கெனவே அந்த எண்ணுக்குள் இருக்கிறது. காரணியை இன்னொரு முறை பெருக்காதீர்கள்.