இருநூறு நாட்கள் பின்தங்கிய கடிகாரம்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் சனசமூக நிலையத்து ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினியை 2021 ஓகஸ்ட் முடக்கத்தின்போது அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அடுத்த மார்ச் பிற்பகுதியில்தான் வெளியே எடுத்தோம். நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம் அது. மின்சாரம் இருக்கும் இடைவெளிக்குள் மென்பொருளைப் புதுப்பித்துவிட வேண்டும்.

மென்பொருள் பட்டியல்களைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட்-கெட் அப்டேட்’ கட்டளையைக் கொடுத்தேன். மென்பொருள்கள் இறங்கும் இணையக் களஞ்சியத்தின் ‘ரிலீஸ்’ கோப்பு, அதாவது அதன் கையொப்பமிட்ட விவரக் கோப்பு, இன்னும் செல்லுபடியாகவில்லை என்றது கணினி. பிழைச் செய்தியின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுக் களஞ்சியத்தில்தான் பழுது என்று முடிவு கட்டி, அதன் நகலை வைத்திருக்கும் வேறொரு சேவையகத்தின் (மிரர்) முகவரியை இட்டேன். அதே பிழை. தொலைபேசியில் ஒரு நண்பர் கையொப்பச் சோதனையை நிறுத்திவிடச் சொன்னார். மறுத்துவிட்டேன். பிள்ளைகள் பயன்படுத்தும் கணினிக்குள் வரும் மென்பொருள் பொதி உண்மையானதா என்று பார்க்கும் காவல் அது.

சாதாரணதரத்துக்குப் படிக்கும் மாணவி ஒருத்திதான் பிழையைக் கடைசிவரை படித்தாள். “அண்ணா, செல்லுபடியாக இன்னும் இருநூறு நாட்களுக்கு மேல் இருக்கிறதாம். திகதியைப் பாருங்கள்.”

பார்த்தேன். ஓகஸ்ட் 2021!

அந்தக் கணினியில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. அணைக்கும்போது ஒரு சிறு நிரல் நேரத்தை எஸ்டி அட்டையில் எழுதிவைக்கும். மறுபடி உயிர்பெறும்போது அங்கிருந்தே எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்ததும் நேரச் சேவையகத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். எங்கள் இணைப்பிலோ அதற்கான வழி (யூடிபி 123 போர்ட்) அடைபட்டிருந்தது. ஓகஸ்டிலேயே நின்றுவிட்ட கணினிக்கு, அண்மையில் கையொப்பமிட்ட கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரிந்திருக்கிறது. அதை ஏற்க மறுத்தது சரியான செயல்தான்.

‘சுடோ டேட் -எஸ்’ கட்டளையால் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தினேன். உடனே இரண்டாவது பிழை: டெபியன் வழிவந்த எங்கள் இயங்குதளத்தின் ‘பஸ்டர்’ பதிப்புக்கான களஞ்சியம் ‘ஸ்டேபிள்’ (நடப்புப் பதிப்பு) நிலையிலிருந்து ‘ஓல்ட்ஸ்டேபிள்’ (முந்தைய பதிப்பு) நிலைக்கு மாறிவிட்டதாம். 2021 ஓகஸ்டில் அடுத்த பதிப்பான டெபியன் 11 வெளிவந்ததன் விளைவு இது. மாற்றம் உண்மையானது என்று தெரிந்ததால் ‘--அலவ்-ரிலீஸ்இன்ஃபோ-சேஞ்ச்’ சேர்த்து ஒருமுறை ஒப்புதல் கொடுத்தேன். பட்டியல்கள் தடையின்றி இறங்கின. இந்த இரண்டாவது முடிச்சு அவிழ இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பொதிகளை நிறுவி முடித்துச் சிறிது நேரத்தில் மின்சாரம் போனது. பிற்பாடு, நாணய மின்கலம் பொருந்தும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கினோம். அதைக் கணினியின் ஊசிகளில் பொருத்தியவள் அந்த மாணவிதான்.