திருகோணமலையிலிருந்து வவுனியாவுக்கு, ஊரடங்குக்குள்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு, கொரோனா பரவலால் இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டார்கள். நான் திருகோணமலையில், அம்மா வவுனியாவில் தனிய. தம்பி யாழ்ப்பாணத்தில் இருக்கிறான், ஆனால் யாழ்ப்பாணத்தை அபாய வலய மாவட்டங்களில் ஒன்றாக அறிவித்து இறுக்கி மூடி வைத்திருந்ததால் அவன் அசையவே முடியாது. போவதென்றால் நான்தான் போக வேண்டும்.

முதலில் போக நினைக்கவில்லை. எங்கள் மாவட்டத்திலும் வவுனியாவிலும் இடையிடையே ஊரடங்கைத் தளர்த்தினார்கள், அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா சாமான் வாங்கிக் கொடுத்தா, கிளினிக் மருந்தும் தபால்காரர் மூலம் வீட்டுக்கே வந்துவிட்டது (அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன், சீனி வருத்தக்காரருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!). பிறகு ஒரு நாள் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டா. எலும்பு முறியவில்லை, ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. போனில் "ஒண்டுமில்லை, நீ வராதை" என்று சொன்ன குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

ஊரடங்கைத் தளர்த்திய நேரத்தில்கூட மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி வேண்டியிருந்தது. எங்கள் விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) போனேன். அரசாங்கத்தின் 5000 ரூபா நிவாரணக் கொடுப்பனவுக்குப் பெயர் பதிகிற நேரம் அது, வாசலில் சனம் ஆளுக்காள் இடைவெளி விட்டு வெயிலில் நின்றது, மனுசனுக்குத் தலை நிமிர நேரமில்லை. அப்படியிருந்தும் என்னை இருத்தி வைத்து ஒரு விஷயம் சொன்னார்: "தம்பி, அம்மாவைப் பாக்கப் போறன் எண்டு எழுதினால் ஒருத்தரும் விடமாட்டினம். எல்லாருக்கும் அம்மா இருக்கிறா. அவவுக்கு ஆள் இல்லை எண்டதை அங்கத்தைய விதானையார் எழுதித் தரவேணும். முதல் அதை எடுங்கோ."

அதுதான் முழுக் கதையின் சாவி. நாங்கள் போகிற பக்கத்திலிருந்து தொடங்குவோம், ஆனால் தேவை இருப்பது போய்ச் சேருகிற பக்கத்தில். பக்கத்து வீட்டு அக்கா வவுனியாவில் விதானையாரைப் பிடித்து, அம்மா தனிய இருக்கிறா, எழுந்து நடக்க முடியாது, பார்க்க வேறு ஆள் இல்லை என்று கடிதம் வாங்கி, அதையும் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினா. அதற்குப் பிறகு எங்கள் விதானையாரின் கடிதம், பிரதேச செயலகத்தில் ஒப்பம், கடைசியாகப் பொலிசில் பயண அனுமதிப் பாஸ். ஓரிடத்தில் ஒருவர் கடிதத்தைப் பார்க்காமலே திருப்பி அனுப்பினார், அடுத்த முறை வேறொருவர் இருந்தார், அவர் வாசித்துவிட்டு மறுபேச்சில்லாமல் ஒப்பம் வைத்தார். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. திருகோணமலையும் வவுனியாவும் தமிழ் ஊர்கள்தான், ஆனால் நடுவில் ஹொரவப்பொத்தானை இருக்கிறது, அது அனுராதபுர மாவட்டம். நூறு கிலோமீற்றருக்குக் கிட்டிய பயணத்தில் மூன்று மாவட்டம், மூன்று மாகாணம். அங்கே மறிக்கிற பொலிசார் தமிழ்க் கடிதத்தை வைத்து என்ன செய்வார்கள்? எங்கள் ஒழுங்கையில் இருக்கிற சிங்கள ரீச்சரிடம் கேட்டேன். கேற்றுக்கு அந்தப் பக்கம் கதிரையைப் போட்டு இருந்து, இரண்டு கடிதத்தையும் தன் கையால் சிங்களத்தில் எழுதித் தந்தா, அம்மாவின் வயதையும் வருத்தத்தையும் முதல் வரியிலேயே போட்டு. பிரதேச செயலகத்தில் அதன் மேலும் முத்திரை குத்தி வாங்கினேன். பாஸில் வாகன இலக்கம் எழுதுவார்கள், ஆகவே எந்த வாகனம் என்பதை முதலே முடிவு செய்துவிட வேண்டும். நான் என் மோட்டார் சைக்கிள் இலக்கத்தைக் கொடுத்தேன்.

விடியவே வெளிக்கிட்டேன். கன்னியா தாண்டி, பன்குளம் தாண்டி, முதலிக்குளம் வரைக்கும் றோட்டில் மாடுகளைத் தவிர ஒன்றுமில்லை. மாவட்ட எல்லையில் மறித்தார்கள். நெற்றிக்கு நேரே அந்தச் சூடு பார்க்கிற கருவியைப் பிடித்தார்கள், பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் பதிந்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கடிதங்களை இளம் பொலிஸ்காரர் ஒருவர் வெளியே எடுக்காமல் உறையோடேயே பிடித்து, சிங்களத்தில் இருந்ததை விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். பிறகு பாஸில் இருந்த இலக்கத்தையும் சைக்கிளின் நம்பர் தகட்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். வாசித்து முடித்து, அம்மாவுக்கு எந்தக் கால் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வலது கால் என்றேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ரீச்சரின் எழுத்து இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மடுக்கந்தை தாண்டி வவுனியா ரவுனுக்குள் வந்ததும் திரும்பவும் பதிவு. வீட்டுக்கு முன்னால் அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றா. என்னைக் கேற்றுக்குள் விடாமல் ஒரு வாளித் தண்ணீரையும் சன்லைட் கட்டியையும் காட்டி, கால் கை முகம் கழுவி, சேட்டையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்றா. வந்த கையோடு பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம் என்றார், நான் வந்ததே வீட்டில் இருக்கத்தானே.

திரும்பி வருவதற்கு அந்தப் பாஸ் செல்லாது. வவுனியாவில் புதிதாக எடுக்க வேண்டும், அதற்குக் காரணமும் புதிதாகக் காட்ட வேண்டும். நான் அவசரப்படவில்லை. மே 26 இல் கொழும்பும் கம்பஹாவும் தவிர மற்ற மாவட்டங்களுக்கிடையில் போய்வர விட்டார்கள், அதற்குள் அம்மாவும் பொல்லில்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டா. வானொன்று பிடித்து அவவையும் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வந்துவிட்டேன். அவவுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை, வீட்டையும் கோழிகளையும் விட்டுவிட்டு எப்படி வருவது என்று வழியெல்லாம் சண்டை. கோழிகளைப் பக்கத்து வீட்டு அக்கா பொறுப்பெடுத்தா. 2021 மேயில் மாகாணங்களுக்கிடையிலும் பயணத்தடை போட்டபோது அம்மா எங்களோடுதான் இருந்தா.