மேடையில் ஒரு கணக்கு, மலையில் ஒரு கணக்கு

1 மே 2024, புதன்

மே தினம் என்பதால் இன்று கடை பூட்டு. ஹட்டனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் எனக்கு, தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் பகல் முழுவதும் இருக்கக் கிடைப்பது அரிது. கொட்டகலைக் கூட்டத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து பஸ்கள் போயின. கொழுந்து பறிக்கும் அம்மா போகவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மேடையில் அறிவித்ததைத் தொலைபேசியில்தான் பார்த்தோம். அடிப்படைச் சம்பளம் 1,350, விசேட கொடுப்பனவு 350. வர்த்தமானி அறிவித்தலும் நேற்றைய திகதியோடு வெளியாகியிருக்கிறது.

லயத்தில் யாரும் பட்டாசு கொளுத்தவில்லை. ஆயிரம் ரூபாயின் கதை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2015 முதல் நாட்சம்பளமாகக் கேட்கப்பட்ட ஆயிரத்துக்காக 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். அதற்குப் பிறகும் 2019 ஜனவரியில் சங்கங்களுக்கும் கம்பனிகளுக்கும் இடையில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளமாகக் கிடைத்தது 700 ரூபாய்தான். சம்பள நிர்ணய சபையின் வழியாக ஆயிரம் வந்து சேர்ந்தது 2021 மார்ச்சில். அப்போது ஒரு டொலர் 200 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அது 360ஐத் தாண்டியது. 2022 செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் ஆண்டுக்கு 94.9 வீதம் என்று அரசாங்கமே அறிவித்தது. இத்தனைக்கும் நடுவில் ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. கடன் கொப்பியில் பத்துக் கிலோ கோதுமை மா வாங்கிய பெயர்கள் ஐந்து கிலோவுக்கு இறங்கியதை எழுதியது என் கைதான்.

5 ஜூலை 2024, வெள்ளி

பெருந்தோட்டக் கம்பனிகளின் மனுவை ஏற்று, 1,700 ரூபாய் வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் நேற்று இடைக்காலத் தடை விதித்திருக்கிறது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு முன்பே செய்தி மலைக்கு வந்துவிட்டதாம்.

கம்பனிகளின் வாதத்தை நான் முழுதாகத் தள்ளிவிடமாட்டேன். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலிக்கே போகிறது, கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை அவர்கள் கையில் இல்லை, ஓர் ஆள் பறிக்கும் கொழுந்தின் அளவும் போதவில்லை என்கிறார்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மீள்நடுகை செய்யாமல் விட்ட கிழட்டுத் தேயிலைக்கும், இடுப்பளவு புல் மண்டிய மலைக்கும், உரம் காணாத மண்ணுக்கும் கொழுந்து பறிப்பவள் எப்படிப் பொறுப்பாவாள் என்பதற்கு அவர்களில் எவரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. கொழுந்து குறைந்தால் அவள் கூலி குறைகிறது; மரம் கிழடானால் எவருடைய சம்பளமும் குறைவதில்லை.

13 செப்டம்பர் 2024, வெள்ளி

தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது சம்பள நிர்ணய சபை 1,350 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. மே மாதத்து 1,700இல் 350 எங்கே போனது என்று பக்கத்துக் காம்பிரா அக்கா என்னிடம் கேட்டார். அது வர்த்தமானியோடு போய்விட்டது என்றேன். “அப்ப மேடையில சொன்னது என்னா, முற்பணமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மாலையில் ஓர் ஊர்வலம் லயத்து வாசலால் போனது. ஜனாதிபதியின் சின்னம் இம்முறை எரிவாயு சிலிண்டர். 12.5 கிலோ சிலிண்டர் 3,690 ரூபாய் விற்கும் காலத்தில், விறகு அடுப்பில் சமைக்கும் லயத்தில் அந்தச் சின்னத்துக்கு வாக்குக் கேட்பதற்குத் தனியான துணிச்சல் வேண்டும்.

21 செப்டம்பர் 2024, சனி

வாக்களிப்பு அமைதியாக நடந்தது. அம்மா காலை ஏழரைக்கே வரிசையில் நின்றார். எங்கள் வீட்டுப் பெண்கள் வாக்குச் சாவடிக்குத் தாமதித்துப் போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952இல் எங்கள் சனத்துக்குப் போடுவதற்கு வாக்கே இல்லை. என் அப்பாயி பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகுதான் முதல் முறையாக வாக்களித்தார். அந்தச் சீட்டை யாருக்குப் போட்டார் என்று சாகும்வரை சொல்லவில்லை. அம்மாவும் சொல்வதில்லை.

தொழிற்சங்கத் தலைவர்கள் ஆளுக்கொரு வேட்பாளரைக் கைகாட்டினார்கள். சங்கம் சொல்கிற பக்கம் லயம் முழுவதும் போகும் என்ற பழைய கணக்கு இன்னும் சரியா என்பது நாளை தெரியும்.

24 செப்டம்பர் 2024, செவ்வாய்

அநுர குமார திசாநாயக்க நேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்றார். எவருக்கும் பாதி வாக்குக் கிடைக்காததால் இரண்டாம் விருப்பு வாக்கையும் எண்ண வேண்டியதாயிற்று. இந்த நாட்டில் இது முதல் தடவை. நுவரெலியா மாவட்டத்தில் முந்தியவர் சஜித் பிரேமதாச. கடை முதலாளிக்கு மாவட்ட முடிவு ஆறுதல். கடைப் பையன்களுக்கு நாட்டின் முடிவு கொண்டாட்டம். பாராளுமன்றம் இன்று இரவு கலைக்கப்பட்டுவிட்டது.

9 நவம்பர் 2024, சனி

பத்தாம் திகதி ஞாயிறு என்பதால் சம்பளம் இன்றே போட்டார்கள். லயத்தில் சம்பளத் துண்டு வாசிக்கும் வேலை வழக்கம்போல் எனக்கு. அம்மாவின் துண்டை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன். அடுத்த வாரம் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் எவராவது வாசித்தால் நல்லது.

முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி விழுந்த நாள், 17, தலா 1,350 வீதம் 22,950 ரூபாய். அரைப் பேர் 4, தலா 675 வீதம் 2,700. மொத்தம் 25,650. ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், 2,052. தீபாவளி முற்பணத் தவணை 1,500. தேயிலைத் தூள் 300, சங்கச் சந்தா 250, கோயிலுக்கு 200. மாத நடுவில் வாங்கிய முற்பணம் 5,000. கையில் கிடைத்தது 16,348 ரூபாய்.

மேடையில் இதே மாதத்துக்கான கணக்கு வேறு. 1,700ஐ இருபத்தைந்தால் பெருக்கி 42,500 என்று மே மாதத்தில் ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னதை நான் கேட்டேன். அவர் பெருக்கியதில் பிழையில்லை. மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கொடுப்பார்களா, கொடுத்தாலும் எத்தனை நாளுக்கு முழுப் பேர் விழும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

எங்கள் தோட்டத்தில் முழுப் பேருக்கு இப்போது இருபது கிலோ. ஆயிரம் ரூபாய் வருவதற்கு முன் பதினெட்டாக இருந்தது. நாளுக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் ஈரத்துக்கும் சாக்குக்குமாக இரண்டு கிலோ கழிக்கிறார்கள். வெயில் காய்ந்த நாளிலும் ஈரம் கழிகிறது. போன மாதம் ஒரு நாள், கழிப்பு எல்லாம் போக அம்மாவுக்குப் பத்தொன்பதரைக் கிலோ நின்றது. அரைக் கிலோவைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாராம். கணக்கப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல் அரைப் பேர் போட்டார். அந்த அரைக் கிலோவின் விலை 675 ரூபாய். பறித்த பத்தொன்பதரைக் கிலோவும் ஆலைக்குப் போய்த் தூளாகிவிட்டது.

இடுப்பில் கட்டும் படங்கைக் கழற்றிக் காயப் போட்டபடி அம்மா சொன்னார்: “தம்பி, சம்பளத்த கூட்டுறவனுக கிலோவ யாரு கூட்டுறாங்கன்னு பாக்குறதே இல்ல.”

பத்து வருடமாகச் சம்பளப் போராட்டங்களை வேடிக்கை பார்த்தவன் என்ற முறையில், இதுவே என் முறைப்பாட்டின் சாரமும் ஆகும். நாட்சம்பளம் எவ்வளவு என்பது கொழும்பில் கமெராக்களுக்கு முன்னால் தீர்மானிக்கப்படுகிறது. அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் அது பேசுபொருளாகிறது. கிலோ எத்தனை, கழிப்பு எத்தனை, மாதத்துக்கு எத்தனை நாள் வேலை என்பவை தோட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் இவற்றைப் பேச ஒரு மேசையாவது இருந்தது. 2021இல் கம்பனிகள் அதிலிருந்து விலகிய பிறகு அதுவும் இல்லை. சம்பளம் 350 ரூபாய் கூடியதைத் தங்கள் வெற்றியாகச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கூடிய இரண்டு கிலோவைத் தங்கள் தோல்வியாகச் சொல்ல ஒருவருமில்லை.

15 நவம்பர் 2024, வெள்ளி

போயா தினம். காலை முதல் முடிவுகள்தான் பேச்சு. நாட்டில் 225இல் 159 ஆசனம் ஜனாதிபதி அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு. நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து அவர்களின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போனதுதான் எங்களுக்குப் பெரிய செய்தி. இரண்டு மாதத்துக்கு முன் இதே மாவட்டம் வேறு பக்கம் நின்றது. நுவரெலியாவிலிருந்து ஒருவர், பதுளையிலிருந்து ஒருவர் என மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் முதல் தடவையாகப் பாராளுமன்றம் போகிறார்கள்.

வாழ்நாள் முழுவதும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சேவலுக்கும், சேவல் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையோடு சேர்ந்தால் யானைக்கும் போட்டுவந்த ஒரு பெரியவரிடம் இந்தத் தடவை ஏன் மாறினார் என்று கேட்டேன். மலையக மக்களுக்கான வாக்குறுதிகளோடு 2023 ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி வெளியிட்ட ஹட்டன் பிரகடனத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக் கேள்விப்படவே இல்லை. “இவனுக நம்மள இன்னும் ஏமாத்தல தம்பி, அதான்” என்றார். ஆதரவுக்கு இதைவிட மெலிந்த காரணம் இருக்க முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஆனால் மற்றவர்களிடம் அந்த ஒரு காரணம்கூட மிச்சமில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் லயத்தில் இளைஞர்கள் சிலர் வாக்களிக்கவே போகவில்லை. கொழும்புக் கடைகளிலிருந்து வந்துபோகும் பஸ் காசுக்கு ஒரு கட்சியும் தகுதியானதல்ல என்பது அவர்கள் முடிவு.

8 நவம்பர் 2025, சனி

நேற்றைய வரவு செலவுத் திட்டத்தில் தோட்டச் சம்பளம் வந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 1,350இலிருந்து 1,550 ஆகும், அதன்மேல் நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவை அரசாங்கம் தரும், இரண்டும் ஜனவரியிலிருந்து. சேர்த்தால் 1,750. ஒரு வருடம் காக்க வைத்தார்கள் என்றாலும், சொன்னதை வரவு செலவுத் திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அதை மறுப்பது நியாயமில்லை. தனியார் கம்பனியின் கூலியில் ஒரு பங்கை வரிப்பணத்தில் கொடுப்பது சரியா என்று எதிர்க்கட்சிகள் கேட்கின்றன. கேள்வி நல்ல கேள்விதான். கேட்பவர்களில் சிலர் ஆட்சியில் இருந்த காலத்தில் கம்பனியையும் கொடுக்க வைக்கவில்லை, தாங்களும் கொடுக்கவில்லை.

கடையில் தேங்காயைத் தொட முடியவில்லை. கடன் கொப்பியில் தேங்காய்க்குப் பதில் தேங்காய்ப்பால் மா பைக்கற் ஏறியிருக்கிறது. இருநூறு ரூபாய் கூடும் என்ற செய்தி கேட்டதும் முதலாளி இன்று காலை இரண்டு பேருக்குக் கடன் எல்லையை உயர்த்தினார். சம்பள உயர்வு தோட்டத்துக்கு வருமுன் கடைக்கு வந்துவிட்டது.

மாலையில் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வாசலில் கூடினார்கள். வருகைக் கொடுப்பனவு முழுப் பேருக்கு மட்டுமா, அரைப் பேர் விழுந்த நாளுக்கும் உண்டா என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. ஜனவரியில் இருபது கிலோ இருபத்திரண்டு ஆகுமா என்ற அடுத்த கேள்விக்கும் இல்லை. கடைசியில் தொழில் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். நிறுவையில் கழிக்கும் ஈரத்துக்கு அளவு என்ன, கழித்ததைத் துண்டில் எழுத வேண்டுமா இல்லையா, கிலோ குறைந்த நாளில் பறித்த கொழுந்துக்குக் கிலோ கணக்கிலாவது காசு உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதினொரு பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற ஒருவர் யோசித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை ஹட்டன் தபாலகத்தில் பதிவுத் தபாலில் போடுவேன்.