நீர் என்றும் நீ என்றும்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு. ஈரோடு

அடுத்த ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. வேதாகமத்தில் யாக்கோபு எழுதிய நிருபம், 2ஆம் அதிகாரம். பொன்மோதிரக்காரரும் கந்தை உடுத்திய ஏழையும் ஒரே ஆலயத்துக்குள் வருகிற பகுதி. இரவில் வாய்விட்டு வாசித்தபோது, இத்தனை ஆண்டுகளாகக் கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. மோதிரக்காரரிடம் "ஐயா, நீர்" என்று தொடங்கி "உட்காரும்" என்கிறவர்கள், ஏழையிடம் "நீ அங்கே நில்லு" என்கிறார்கள். யாக்கோபு கண்டிக்கும் பட்சபாதம் இடத்தைக் காட்டும் முன்பே அழைக்கும் சொல்லில் வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 5

ஆயரிடம் கேட்டேன். கிரேக்க மூலத்தில் இருவருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான் என்றார். அப்படியானால், 1871இல் முழுமையாக வெளிவந்த நம் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) இந்த வேறுபாடு தமிழின் வழக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறது. நம்மை நன்றாக அறிந்தே மொழிபெயர்த்திருக்கிறார்கள். திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்க மறுத்துப் பலர் சபையைவிட்டு விலகினார்கள் என்பதையும் அவரே நினைவூட்டினார். இன்று எங்கள் சபையில் எல்லாரும் திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறோம். ஆனால் நான் கணக்கெழுதும் மஞ்சள் மண்டியில், மாதிரி கொண்டுவரும் விவசாயியை "வாங்க, உக்காருங்க" என்று வரவேற்கும் நான், என்னைவிடப் பதினைந்து வயது மூத்த சுமைதூக்குபவரை "வா, இதை எடு" என்றுதான் இதுவரை அழைத்திருக்கிறேன். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடும் மரியாதைக்காரர்கள் என்று கொங்குக்காரர்களாகிய நாம் பெருமை பேசிக்கொள்கிறோம். அந்த ஈரெழுத்தை யாருக்கு மறுக்கிறோம் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவரும் தேவசாயலில் படைக்கப்பட்டவர் என்று விசுவாசிக்கிற என் வாய்க்கு இது அடுக்காது.

ஆகஸ்ட் 7

காலையில் அந்தச் சுமைதூக்குபவரிடம் "அண்ணா, இந்த விரலி மஞ்சள் மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றேன். அவர் மூட்டையைத் தொடவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, எம்மேல கோவமுங்களா? நாளைல இருந்து வர வேண்டாமுங்களா?" என்று கேட்டார். மரியாதை அவருக்கு வேலைநீக்கத்தின் அறிகுறியாகத் தோன்றியிருக்கிறது. கோபமில்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆகஸ்ட் 10

பாடம் வாசித்தேன். "நில்லு" என்ற இடத்தில் குரல் தடுமாறியது.

ஆகஸ்ட் 11

அவசரத்தில் இருமுறை "வா" என்று வாய் தவறியது. இரண்டு முறையும் திருத்திக்கொண்டேன். தேநீர் வந்தபோது, விவசாயிகள் அமரும் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கண்ணா" என்றேன். "சேரு மஞ்சளாயிருமுங்க" என்று சொல்லி, மூட்டையின் ஓரத்திலேயே அமர்ந்து குடித்தார். அந்த நாற்காலியின் கைப்பிடியும் முதுகும் எத்தனையோ விவசாயிகள் அமர்ந்தெழுந்து முன்பே மஞ்சளேறிக் கிடந்தன. நான் என் தம்ளரை எடுத்துக்கொண்டு போய், அவர் பக்கத்து மூட்டையில் அமர்ந்தேன்.