மூன்றரைக்கு வந்துடுவல்ல?

ஜூன் 9, 2025, திங்கள்

இன்றும் சின்னவனுக்கு வயிற்று வலி. குளித்து, இட்லி தின்று, பெல்ட் போடும் வரை நன்றாகத்தான் இருந்தான். சாக்ஸைக் கையில் எடுத்ததும் தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். "நடிக்கிறான்மா" என்றாள் பெரியவள், ஜடையைப் பின்னிக்கொண்டே.

நடிப்பில்லை. போன வாரம் குழந்தைகள் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் கோளாறு இல்லை. ஆனா வலி நிஜம், அதை மட்டும் பொய்னு சொல்லிடாதீங்க" என்றார். பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிவிடுமாம். வயிற்றுக்குப் போகிற இரத்தம் குறைந்து கை, கால் தசைகளுக்குத் திரும்பும், குடலின் ஓட்டமும் மாறும், அந்தப் பிசைதல்தான் வலி. ஞாயிறு பொழுது சாயும்போதே முகம் வாடுவதும், சனிக்கிழமை எழுந்ததும் தெருவுக்கு ஓடுவதும் அதனால்தான்.

மூன்றாம் வகுப்பு. புது மிஸ். கூடவே இருந்த பையன் பி செக்‌ஷனுக்குப் போய்விட்டான். காரணம் என்று தோண்டினால் இவ்வளவுதான் கிடைக்கிறது. எட்டு வயதுக்கு இது போதும் போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

"பிள்ளை எங்கேயோ பயந்திருக்கான். பள்ளிவாசல்ல ஓதிட்டு வந்துடுறேன்" என்று அத்தை கிளம்பினார். நானும் போனேன்.

மக்ரிப் தொழுகை முடிகிற நேரம். வாசலில் பிள்ளைகளோடு நின்றவர்களில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமத்தோடு எங்கள் உறையூர் ஆட்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் குனிந்து ஒவ்வொரு பிள்ளை தலையிலும் ஊதிவிட்டுப் போகிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்றார். சின்னவனின் உச்சியில் கை வைத்து, வாய்க்குள் ஓதி, நீளமாக ஊதினார். பெயர் கேட்கவில்லை, என்ன பயம் என்று குடையவில்லை. இவன் தோள் இரண்டும் மெல்ல இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

எனக்கு நம்பிக்கை உண்டா என்பது வேறு பேச்சு. வீட்டில் அவனைச் சுற்றி நாங்கள் எல்லோரும் பதறுகிறோம். இங்கே பதறாத ஒரு பெரிய மனிதர் ஒரு நிமிஷம் பக்கத்தில் நின்றார். அதற்கே இவ்வளவு பலன் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஜூன் 14, சனி

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர், பயப்படுகிற பிள்ளையை விட்டுவிட்டு அப்பா அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கிறார். 7 முதல் 14 வயதுக்குள் 124 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே நேரடி சிகிச்சை. இன்னொரு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. முடிவில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறின. 2020ல் அச்சான கட்டுரை.

அவர் பார்ப்பது பிள்ளையின் பயத்துக்கு வீடு எப்படியெல்லாம் வளைந்து கொடுக்கிறது என்பதை. வளைந்தால் அப்போதைக்குப் பயம் அடங்கும். ஆனால் 'இதை என்னால் தாங்க முடியாது, அதனால்தான் இவர்கள் செய்கிறார்கள்' என்று பிள்ளைக்குப் பதிந்துவிடும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் வளையச் சொல்லும்.

எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தேன். இவன் குளித்தால் பாத்ரூம் வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். வேன் இருந்தும் அப்பாவின் வண்டியில்தான் பள்ளிக்குப் போவான். பென்சில் தொலைந்தால்கூட மிஸ்ஸிடம் நான்தான் பேச வேண்டும். அத்தை பக்கத்தில் படுத்தால்தான் தூக்கம். அப்புறம் அந்தக் கேள்வி: "அம்மா, மூன்றரைக்கு வந்துடுவல்ல?" பல் தேய்க்கும்போது, சாப்பிடும்போது, ஷூ மாட்டும்போது, கேட்டில். ஒவ்வொரு தடவையும் "வந்துடுவேன்டா தங்கம்". அந்தத் தங்கம் தெருமுனை வரைக்கும்கூடத் தாங்குவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, ஒன்றை எடு என்கிறார்கள். கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பயம் இல்லாத நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதால் மத்தியானம், மாம்பழம் தின்றுகொண்டிருந்தபோது சொன்னேன். "ஸ்கூலுக்குப் போக உனக்குப் பயமா இருக்கு, எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடயே உன்னால இருக்க முடியும்னும் எனக்குத் தெரியும். நாளையிலேர்ந்து மூன்றரைக்கு வருவேன்னு ஒரு தடவைதான் சொல்வேன். மறுபடி கேட்டா, பதில் உனக்கே தெரியும்னு சொல்வேன். கோவத்துல இல்லை."

கொட்டையைச் சப்புவதை நிறுத்தாமல் கேட்டான்: "அப்ப மூன்றரைக்கு வரமாட்டியா?"

ஜூன் 18, புதன்

கேள்வி கூடிவிட்டது. இப்படித்தான் முதலில் ஏறும், அப்புறம்தான் இறங்கும் என்று படித்திருந்ததால் ஆச்சர்யமில்லை. ஆனால் படிப்பது வேறு, கேட்டில் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்குகிற பிள்ளையோடு நிற்பது வேறு. "உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு நின்றேன். சமாதானம் சொல்லாமல் சும்மா நிற்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. வாட்ச்மேன் அண்ணன் என்னைக் கொடுமைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வீட்டில் வேறு ஓட்டை. இவன் அடுப்படிக்குப் போய்க் கேட்கிறான், அத்தை குசுகுசுவென்று, "மூன்றரைக்கு டாண்ணு வந்துடுவா சாமி" என்கிறார். "அத்தை, நீங்களும்..." என்று ஆரம்பித்தேன். "நான் எங்கடி சொன்னேன்?" என்றார்.

ஜூன் 23, திங்கள்

மூச்சு. பயத்தில் துடிக்கிற பிள்ளையிடம் "ஆழமா மூச்சு இழு" என்றால் அவசரமாக இழுத்து இன்னும் மூச்சு வாங்குவான். விடுவதுதான் விஷயம். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், வெளியே விடும்போது தணியும். அதனால் விடுவது நீளமாக இருக்க வேண்டும். அதையும் பயமில்லாத நேரத்தில் பழகி வைத்தால்தான் பயத்தில் கைகொடுக்கும்.

இவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ராத்திரிப் பாலில் ஆடை படிந்தால் குடிக்க மாட்டான். டம்ளரை இரண்டு கையால் பிடித்து, உதட்டைக் குவித்து, ஆடை எதிர்ப்பக்க ஓரத்துக்கு ஒதுங்கும்வரை ஊதுகிறான். வேகமாக ஊதினால் பால் தெறிக்கும். விட்டு விட்டு ஊதினால் ஆடை திரும்பி வந்துவிடும். மெல்லிசாக, நீளமாக ஊதினால் மடிந்து ஓரமாக நிற்கும். "பார்த்தியா, சுருண்டுடுச்சு!" இன்று காலை கேட்டில் உதடு குவிந்ததைப் பார்த்தேன். எப்போதும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். செவ்வாய், புதனைவிடத் திங்கள் எப்போதும் மோசம்.

ஜூன் 27, வெள்ளி

வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப்பில் இன்று டிபன் பாக்ஸ் கண்காட்சி. பீட்ரூட் இட்லி, கேரட்டில் வெட்டிய பூ, சர்க்கரையே இல்லாத ராகி கேக். நடுவில் ஒருவர், "குழந்தை பயப்படுதுன்னா அம்மாகிட்ட ஏதோ டென்ஷன் இருக்கும்" என்று எழுதியிருந்தார். தப்பும் சொல்ல முடியாது, சரியென்றும் சொல்ல முடியாது. பதட்ட சுபாவம் கொஞ்சம் பிறவியிலேயே வருகிறது. இதே வீட்டில்தான் பெரியவளும் வளர்ந்தாள், அவளைப் பார்த்தால் பயம்தான் பயந்து ஓடும்.

லண்டன் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட் 1953லேயே இதற்கு ஒரு வழி சொன்னார். அம்மா போதுமான அளவுக்கு நல்லவளாக இருந்தால் போதும். கைக்குழந்தைக்கு முதலில் கேட்டதும் கேளாததும் கிடைக்கும். பிள்ளைக்குத் தாங்கும் சக்தி வளர வளர அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வாள். அந்தக் குறையில்தான் வெளி உலகம் என்று ஒன்று இருப்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஆக, குறை இல்லாத அம்மாவால் பிள்ளைக்கு உபகாரமில்லை.

இன்றைய டப்பா: எலுமிச்சை சாதம், நமுத்துப்போன அப்பளம். போட்டோ எடுக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

நைட் ஷிப்ட் முடிந்து வந்த இவர், வண்டியில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தவனைப் பார்த்து ஒரு கத்து கத்தினார். பயல் உறைந்துபோய் ஏறினான். சாயங்காலம் இவரே அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "காலையில கத்திட்டேன். தூக்கம் இல்லை, அதான். உன் மேல தப்பில்லை. ஆனா நாளைக்கும் ஸ்கூலுக்குப் போகணும்." கடைசி வரியை விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். விடவில்லை.

எட்வர்ட் டிரானிக் 1970களில் செய்த சோதனை ஞாபகம் வந்தது. கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், அழும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அம்மா மறுபடி சிரித்ததும் கொஞ்ச நேரத்தில் சேர்ந்துகொள்ளும். நல்ல தாயும் சேயும்கூட முழு ஒட்டுதலில் இருப்பது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் என்கிறார் அவர். மீதி நேரமெல்லாம் விலகலும், திரும்பச் சேர்தலும்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று கேட்டில் கேள்வியே இல்லை. மத்தியானம் மிஸ்ஸிடம் அவனே போய் இன்னொரு பென்சில் கேட்டானாம். வயிற்று வலி நேற்று வந்தது, வலியோடு போனான்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜ் கதவில் டெலி மானஸ் எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன்: 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். பள்ளிக்கே போகாமல் நின்றாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அடுத்து பாத்ரூம் வாசல் காவல். ஆள் வாசலில் நிற்காமல் ஹாலில் உட்கார்ந்திருக்கலாம் என்று பேசி முடித்தோம். சின்னவன் ஒரு நிபந்தனை போட்டான்: ஹாலில் இருக்கிற ஆள் சத்தமாக வாய்ப்பாடு சொல்ல வேண்டும். பெரியவள் ஒப்புக்கொண்டாள், ஒரு குளியலுக்கு ஐந்து ரூபாய். அத்தை இலவசமாகச் செய்கிறேன் என்கிறார், ஆனால் அவருக்கு மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு மேல் வராது.